குன்றிமணியில் தெரியும் வெளிச்சம்: வன்னியில் சிறு பூச்சிகளை பிளாஷ் வைத்துப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வளவு மாமரத்தில் ஓடும் முசுறு எறும்பை முதன்முதலில் படமெடுத்தபோது ஃபோகஸில் பிழை இருக்கவில்லை. காலில் இருந்த மயிர்கூடக் கூராகத் தெரிந்தது. ஆனால் தலையிலும் வயிற்றிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல இரண்டு வெள்ளைப் பொட்டுகள். அந்தச் செம்மஞ்சள் நிறம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பின்னால் இலை இருந்த இடம் கரி பூசினதுபோல இருட்டு. நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக் காசு சேர்க்கத் தொடங்கினேன். ஒரு வருடம் கழித்து லென்ஸ் வந்தது. வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. எறும்பு, வண்டு, குளவி எல்லாவற்றின் தோலும் மெருகு ஏறியது. உருண்டையான கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியில் தெரியும் வெள்ளைப் பொட்டு வேறொன்றுமில்லை, உங்கள் பிளாஷின் உருவம்தான். பிளாஷ் சின்னதாக இருந்தால் பொட்டும் சின்னதாக, கண்ணைக் குத்துவதாக இருக்கும். பிளாஷ் பெரிதானால் பொட்டு அகன்று மெலிந்து, பூச்சியின் நிறத்துக்கு மேல் ஒரு மினுக்கமாகப் படியும். ஆகவே இங்கே லென்ஸைப் பற்றிக் கொஞ்சமும் வெளிச்சத்தைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன். காசு குறைவாக இருப்பவருக்கும் இது நல்ல செய்தி. லென்ஸைக் கடையில்தான் வாங்க வேண்டும், வெளிச்சத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பூச்சி பார்க்கும் வானம்

ஒரு விளக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே முக்கியம். சூரியன் எவ்வளவோ பெரியது. ஆனால் நம் வானத்தில் அதன் அகலம் அரைப் பாகைதான். அதனால்தான் பரந்தன் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டினதுபோல விழுகிறது. முகில் மூடினால் வானம் முழுவதும் விளக்காகிவிடும், நிழலே கரைந்து போகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். சாதாரண பிளாஷ் தலை ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலம். அது பூச்சியிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், பூச்சியின் வானத்தில் அது 16 பாகையை அடைக்கும். அதே வெளிச்சத்தை 15 சென்ரிமீற்றர் அகலமான வெள்ளைத் திரையில் பரப்பி, அந்தத் திரையை 7 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் 90 பாகைக்கு மேல் அடைக்கும். பூச்சியின் தலைக்கு மேல் ஒரு சின்ன முகிலைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம், அவ்வளவுதான் வேலை.

பிளாஷின் தலையில் மாட்டும் சின்ன வெள்ளைப் பிளாஸ்ரிக் மூடியை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அறைக்குள் கல்யாணப் படம் எடுக்கும்போது அது வெளிச்சத்தைச் சுவரிலும் கூரையிலும் தெறிக்க வைத்து உதவும். வயல் வரம்பில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மூடி பிளாஷ் தலையின் அளவுதான் இருக்கிறது, ஆகவே பூச்சியின் வானம் பெரிதாகவில்லை. வெளிச்சம் வீணாகிறதே தவிர மென்மையாவதில்லை.

என்னென்ன வேண்டும்

மேலே பிளாஷ் மாட்டும் இடமுள்ள எந்தக் கமராவும் போதும், பழைய கமராவானாலும் பரவாயில்லை. போனில் மாட்டும் கிளிப் லென்ஸாலும் நல்ல படம் வரும். ஆனால் போனோடு வெளிப் பிளாஷைச் சேர்த்து இயக்குவது கரைச்சல். போன் வைத்திருப்பவர்கள் சின்ன எல்இடி விளக்கை இதே திரைக்குப் பின்னால் பிடித்து முயன்று பாருங்கள்.

லென்ஸுக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் உண்மையான மக்ரோ லென்ஸ். 90 அல்லது 100 மில்லிமீற்றர் லென்ஸ் நல்லது, பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விடும். இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் டியூப். 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீற்றர் டியூப் போட்டால் 1:1 என்ற உருப்பெருக்கம் கிடைக்கும். உள்ளே கண்ணாடி ஏதுமில்லை, வெறும் குழாய்தான். வாங்கும்போது மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அப்பேச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையை, கமராவால் மாற்ற முடியாது. மூன்றாவது, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி (க்ளோஸ்அப் லென்ஸ்). ரேனொக்ஸ் டிசிஆர்-250 இதில் பேர்போனது. அதன் வலு 8 டயொப்டர். சுமாரான சூம் லென்ஸின் முன்னால் கிளிப் பண்ணினாலே உலகம் மாறிவிடும். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம் எல்லாவற்றிலும் மலிவு. அதற்கு, அப்பேச்சரைக் கையால் திருப்பக்கூடிய பழைய லென்ஸ் இருந்தால்தான் சுகம்.

1:1 என்றால் சென்சரில் (கமராவுக்குள் படம் விழும் தகட்டில்) விழும் உருவமும் பூச்சியும் ஒரே அளவு என்று அர்த்தம். ஏபிஎஸ்-சி என்னும் சின்ன சென்சர் கமராவில் சென்சரின் அகலம் ஏறத்தாழ 23 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கொசுத்தேனீ அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். முதல் மாதம் இந்த அளவோடு நில்லுங்கள். இரண்டு மடங்குக்குப் போகும் ஆசை வரும், ஆனால் பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கூராக விழும் ஆழம் குறைந்துகொண்டே போகும். அதே கமராவில் 1:1-இல் அப்பேச்சரை எஃப் 11-இல் (எண் கூடக் கூடத் துளை சிறிது) வைத்தால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே கூராக இருக்கும். இரண்டு மடங்கில் எஃப் 8 வைத்தால் கால் மில்லிமீற்றர். மூச்சு விட்டாலே கண் போய்க் கால் கூராகிவிடும்.

பிளாஷ் கையால் அளவு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பாரம் குறைந்ததாகப் பாருங்கள். கொடொக்ஸ் டிடி350 போன்ற சின்னதுகள் இரண்டு பற்றரியில் ஓடும், கை நோகாது. ரீசார்ஜ் பற்றரியில் இரண்டு செற் வைத்திருங்கள்.

டிஃபியூசரைச் செய்வது

டிஃபியூசர் என்பது பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் அந்தத் திரைக் கூடுதான். செய்ய ஒரு பின்னேரம் போதும். புத்தகக் கடையில் வெள்ளைப் பிரிஸ்டல் போர்ட் ஒன்றும் டிரேசிங் பேப்பர் இரண்டும் வாங்குங்கள். வீட்டில் பால்மாப் பக்கற் இருக்கும். அதை வெட்டிக் கழுவித் துடைத்தால் உள்பக்கம் வெள்ளிபோல மின்னும், தூக்கி எறியாதீர்கள். புதிய ரிவி அல்லது ஃபேன் பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் ஒரு துண்டு வேண்டும். இலத்திரனியல் கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார். செலோடேப், வெல்குரோ நாடா, பேப்பர் கட்டர். அவ்வளவுதான்.

முதலில் பிளாஷைக் கமராவில் மாட்டி, லென்ஸை நீங்கள் வழமையாக எடுக்கும் அளவுக்கு வைத்து, ஒரு தீக்குச்சியின் தலைக்கு ஃபோகஸ் செய்யுங்கள். தீக்குச்சிக்கும் லென்ஸ் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். இந்த ஒரு அளவில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. திரை, லென்ஸ் விளிம்பைத் தாண்டிப் பூச்சிக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் பூச்சியில் முட்டக் கூடாது.

பிறகு பிரிஸ்டல் போர்ட்டால் ஒரு கூடு செய்யுங்கள். பின்வாய் பிளாஷ் தலைக்கு இறுக்கமாக, முன்வாய் 18-க்கு 14 சென்ரிமீற்றர். பக்கத்திலிருந்து பார்த்தால் கோயில் நாதஸ்வரத்தின் வாய்போல விரிந்து, லென்ஸுக்கு மேலால் முன்னோக்கிக் கொஞ்சம் கவிழ்ந்து இருக்க வேண்டும். உள்பக்கம் முழுவதும் பால்மாப் பக்கற்றின் வெள்ளியை ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் கவலைப்படாதீர்கள், சுருக்கம் வெளிச்சத்தை இன்னும் நன்றாகச் சிதறடிக்கும்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் இடம். ஒரே ஒரு திரையை முன்வாயில் ஒட்டினால், வெளிச்சம் திரையின் நடுவில் குவிந்து நிற்கும், ஓரம் மங்கலாகிவிடும். கண்ணுக்குத் திரை முழுவதும் வெள்ளையாகத் தெரியும், ஆனால் பூச்சியின் முதுகில் பழையபடி அதே பொட்டு. ஆகவே கூட்டின் நடுவில், பிளாஷிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி டிரேசிங் பேப்பரில் ஒரு சின்னத் திரை ஒட்டுங்கள். அதற்கு முன்னால் 4, 5 சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டு, முன்வாயில் நுரைத்தாளை ஒட்டுங்கள். முதல் திரையில் சிதறிய வெளிச்சம், இரண்டாவது திரைக்குப் போய்ச் சேரும்போது எங்கும் ஒரே அளவாகப் பரவியிருக்கும். இடைவெளிதான் இங்கே வேலை செய்கிறது. இரண்டு தாளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது தடித்த ஒரு தாள் மட்டுமே.

நுரைத்தாளை நேராக இழுத்து ஒட்டாமல் பக்கங்களில் கீழே வளைத்து விடுங்கள், தொட்டில் சீலையைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல. அப்போது பூச்சியின் இரண்டு பக்கத்துக்கும் வெளிச்சம் இறங்கும். லென்ஸுக்குக் கீழே வெள்ளைப் பிரிஸ்டல் போர்ட் துண்டொன்றை இறப்பர் பாண்டால் கட்டிவிட்டால், வயிற்றுப் பக்கத்து நிழலும் தெளியும்.

இரண்டு திரையும் சேர்ந்து வெளிச்சத்தில் நல்ல பங்கைக் குடித்துவிடும். பயப்பட வேண்டாம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். திரை இவ்வளவு கிட்ட இருப்பதால் பிளாஷ் முழு வலுவில் அடிக்க வேண்டி வராது.

குன்றிமணிப் பரீட்சை

செய்து முடித்த கையோடு பூச்சி தேடி ஓடாதீர்கள். வேலியோரம் குன்றிமணிக் கொடி இருந்தால் இரண்டு மணி பொறுக்கி வாருங்கள். வளவில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம், குன்றிமணி கடும் நஞ்சு. வேலை முடிந்ததும் போத்தலில் போட்டு மூடி உயரத்தில் வையுங்கள்.

டிஃபியூசரைச் சோதிக்க இதைவிட நல்ல பொருளை நான் காணவில்லை. ஒரு வண்டின் அளவு, வண்டைப்போல உருண்டை, வண்டைப்போல மினுக்கம். சிவப்பும் கறுப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதோடு ஓடாது.

மணியை ஒரு காய்ந்த இலையில் வைத்து, டிஃபியூசர் இல்லாமல் ஒன்று, டிஃபியூசரோடு ஒன்று என இரண்டு படம் எடுங்கள். கமராத் திரையில் பெருப்பித்து, கறுப்புப் பகுதியில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள். முதல் படத்தில் ஊசி முனையளவு வெள்ளை தெரியும். இரண்டாவதில் ஒரு யன்னல் தெரியும். அந்த யன்னலின் வடிவம் உங்கள் நுரைத்தாளின் வடிவம். யன்னலின் நடு மட்டும் வெளுத்து ஓரம் மங்கியிருந்தால், உள்திரையைப் பிளாஷிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், அல்லது டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாக்குங்கள். யன்னல் சின்னதாக மணியின் உச்சியில் மட்டும் இருந்தால் திரை தூரத்தில் இருக்கிறது, கூட்டை முன்னால் சாயுங்கள். யன்னல் மணியின் உச்சியிலிருந்து அரைவாசி வரை வழிந்து, அதன் ஊடாகச் சிவப்பு நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது.

நான் நான்கு கூடு வெட்டிய பிறகுதான் அந்தச் சிவப்பைக் கண்டேன். சிவப்பின் மேலே மெல்லிய வெண்மை, பட்டுச் சேலையின் மடிப்பில் விழும் வெளிச்சம்போல. அன்றைக்கு மணியையே நாற்பது படம் எடுத்திருப்பேன். இந்தப் பரீட்சையில் தேறிய டிஃபியூசர் முசுறிலும் தேறும். பொன்வண்டு மட்டும் தனிச் சாதி. அதன் பச்சை, சாயத்தால் வந்த நிறம் அல்ல, ஓட்டின் மெல்லிய படைகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. வெளிச்சம் வரும் கோணம் மாறினால் நிறமே மாறும். அதற்குக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

கமரா செற்றிங்

மனுவல் நிலை. சட்டர் வேகம் 1/200 நொடி, அப்பேச்சர் எஃப் 8 முதல் எஃப் 11 வரை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200. பிளாஷும் மனுவலில், முழு வலுவின் 1/8-இல் தொடங்குங்கள். படம் இருண்டால் 1/4, வெளுத்தால் 1/16. தூரம் மாறாத வரைக்கும் இந்த அளவும் மாறாது, அதனால் ஒரு காலை முழுவதும் ஒரே செற்றிங்கில் எடுக்கலாம். ஹை ஸ்பீட் சிங்க் (மிக வேகமான சட்டருக்கான பிளாஷ் வசதி) அணைந்திருக்க வேண்டும். ரோவில் (RAW, பதப்படுத்தாத மூலக்கோப்பு) எடுங்கள்.

எஃப் 16, எஃப் 22 என்று போனால் ஆழம் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும், ஆனால் படம் முழுவதும் மெதுவாக மங்கும். இவ்வளவு கிட்டத்தில் கமரா காட்டும் எண் உண்மையான எண் அல்ல. 1:1-இல் எஃப் 11 என்பது நடைமுறையில் எஃப் 22 ஆகிவிடும். அதனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். பிளாஷை அணைத்துவிட்டு அதே செற்றிங்கில் ஒரு படம் எடுங்கள். படம் முற்றாகக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால், பிளாஷ் போட்ட பிறகு படத்தில் விழுவதெல்லாம் பிளாஷின் வெளிச்சம் மட்டுமே. குறைந்த வலுவில் பிளாஷ் மின்னும் நேரம் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு, அதற்குள் உங்கள் கை நடுக்கமும் எறும்பின் ஓட்டமும் உறைந்துவிடும். நடு மத்தியானத்தில் இந்தச் சோதனை தோற்கும். உச்சி வெயிலில் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்பது பிளாஷே இல்லாமல் சாதாரணப் படம் எடுக்கும் அளவு. கிட்டத்தில் வெளிச்சம் குறைவதால் ஓரளவு தப்பலாம், ஆனாலும் காலுக்கும் மீசைக்கும் பக்கத்தில் ஆவிபோல இரண்டாவது கோடு விழும். அப்படியான நேரத்தில் உங்கள் முதுகாலேயே வெயிலை மறையுங்கள்.

எப்போது, எங்கே

சோளகம் அடிக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரையான காலத்தில் வெளியே எடுப்பது பெரும்பாடு. இலை ஒரு நிமிடம் சும்மா நிற்காது. அந்த மாதங்களில் வீட்டு வளவுக்குள், கிணற்றடியில், வாழைக்குக் கீழே எடுங்கள். கிணற்றடி ஈரத்துக்குப் பூச்சி வரும், வேலி காற்றை மறைக்கும்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லாம் தொடங்கும். தம்பலப்பூச்சி மண்ணிலிருந்து வெளிவரும். எட்டுக் கால் உள்ளது, ஆகவே அது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. அதற்கு மட்டும் நான் இதுவரை சொன்னதை மாற்றிச் செய்யுங்கள். அதன் வெல்வெட் போன்ற சிவப்பு உடம்பில் மினுக்கம் இல்லை, மயிர்தான் அழகு. எல்லாப் பக்கமும் வெளிச்சம் வந்தால் மயிர் தட்டையாகிச் சிவப்புப் பஞ்சுபோலத் தெரியும். கூட்டை ஒரு பக்கமாகத் திருப்பி, மறுபக்கத்தில் கொஞ்சம் நிழல் விடுங்கள்.

ஆனால் உச்சக்காலம் தையும் மாசியும்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியில் பூச்சிகள் விறைத்துப்போய் இருக்கும். காலை ஆறு மணிக்குக் குளக்கட்டுப் பக்கம் போனால், புல் நுனியில் ஊசித்தும்பி இரவு முழுவதும் பிடித்தபடியே இருக்கும், இறகு முழுவதும் பனித்துளி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்கள்தான் வேண்டும் என்றில்லை, ஊர்ச் சின்னக் குளமே போதும். வெயில் ஏறி இறகு காயும் வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஏழரை மணிக்குப் பிறகு எல்லாம் பறந்துவிடும்.

வன்னியில் இருப்பவருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வெளியூரிலிருந்து கமராவோடு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பூச்சியின் பின்னால் போகிறவர் கண் நிலத்தில் அரை அடிக்குள் இருக்கும், கால் எங்கே போகிறதென்று பார்க்காது. போர் முடிந்த 2009-க்குப் பிறகு இங்கே மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்து வந்திருக்கிறது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பெருமளவு நிலம் துப்புரவாகியிருக்கிறது. அப்படியிருந்தும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்காட்டுக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். புதிய இடமென்றால் ஊரவரைக் கேளுங்கள், மாடு மேய்க்கிறவருக்குத் தெரியாத நிலம் இல்லை. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, கிராம சேவையாளருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். நல்ல பூச்சி எல்லாம் வேலியிலும் வரம்பிலும் வீதியோரத்திலும் இருக்கிறது, காடு தேவையில்லை.

குப்புறப் படுக்க முன்னர் தடியால் இலைச்சருகைக் கிளறுங்கள், புடையன் பாம்பும் சுருட்டைப் பாம்பும் சருகின் நிறத்திலேயே கிடக்கும். காட்டோரக் குளங்களில் பொழுதுபட முன்னரே எழும்பிவிடுங்கள், யானை தண்ணீருக்கு வரும் நேரம் அது. சுண்டிக்குளம்போன்ற தேசிய பூங்காவுக்குள் அனுமதியோடு மட்டும் போங்கள், அங்கிருந்து ஒன்றையும் எடுத்து வராதீர்கள்.

கிட்டப் போவது

பூச்சி ஓடுவது உங்கள் உருவத்துக்கல்ல, அசைவுக்கும் நிழலுக்கும். ஒரு முழத் தூரத்திலிருந்தே கமராவைக் கண்ணுக்கு வைத்து, பிறகு உடம்பை மெதுவாக முன்னால் சாயுங்கள். இடக்கையால் பூச்சி இருக்கும் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாத்திக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் தண்டும் கமராவும் ஒன்றாக ஆடும், படம் ஆடாது. ஓட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸை ஓர் அளவில் வைத்துவிட்டு, மூச்சை விட்டு நிறுத்தி, நெஞ்சை மயிரளவு முன்னும் பின்னும் நகர்த்தி, கண் கூரான அந்த நொடியில் அமத்துங்கள். பத்துக்கு ஒன்று வந்தால் நல்ல நாள்.

கொசுத்தேனீயில் பழகுவது இலகு. கொட்டாது. மரப்பொந்திலோ பழைய சுவர் வெடிப்பிலோ மெழுகும் பிசினும் கலந்து ஒரு சின்னக் குழாய் கட்டியிருக்கும், அதன் வாயில் காவல் தேனீக்கள் தலையை நீட்டியபடியே நிற்கும். குழாய் விளிம்புக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும்.

முசுறு அப்படியல்ல, அதற்கு நிற்கவே தெரியாது. ஆனால் அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று விளங்கும். எதிரெதிரே வரும் இரண்டு முசுறு சந்திக்கும்போது மீசையை மீசையால் தடவ ஒரு நொடி நிற்கும். கிளை பிரியும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். அங்கே ஃபோகஸை வைத்துக்கொண்டு இருங்கள். உங்கள் கையையும் சேலைக் கரையையும் கொப்பில் முட்டவிடாதீர்கள், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒன்று கொஞ்சம் தனித்து, இலைக்குக் கீழே ஒளிந்து ஒளிந்து நடந்தால், விடாதீர்கள். அது முசுறே இல்லாமல் இருக்கலாம். முசுறைப்போல வேடம் போட்ட பாயும் சிலந்தி ஒன்று இலங்கையில் இருக்கிறது. நிறம் அதே செம்மஞ்சள், இடுப்பும் அதே ஒடுக்கம். முன்காலிரண்டையும் தூக்கி மீசைபோல ஆட்டும். கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு. முகத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், முன்னால் இரண்டு பெரிய வட்டக் கண். எங்கள் மாமரத்தில் நான் அதைக் கண்டது மூன்றாம் வருடம். அதற்கு முன் எத்தனை தரம் முசுறென்று கடந்து போனேனோ. ஒவ்வொரு கண்ணிலும் நுரைத்தாளின் யன்னல் விழுந்திருந்தது, அதன் கீழே மங்கலாக மா இலையின் பச்சை. அந்தப் படத்தை இன்றைக்கும் போனின் முகப்பில் வைத்திருக்கிறேன்.

நெல்லுக்குள்

காலபோக (மாரிகால நெல்) வயலுக்குள் இறங்குவதென்றால் முதலில் வயல்காரரைக் கேளுங்கள், எப்போது மருந்தடித்தது என்றும் கேளுங்கள். மருந்தடித்து ஓரிரு நாளுக்குள் முகத்தை நெல்லுக்குள் வைப்பது உடம்புக்குக் கூடாது.

அறக்கொட்டியான் என்று நாம் சொல்லும் கபிலநிறத் தத்தி 3, 4 மில்லிமீற்றர்தான். இலையில் தேடினால் அகப்படாது, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டின் அடியில் கூட்டமாக ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். பெரிய கூடு அங்கே நுழையாது. இதற்கென 10 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒடுங்கிய கூடு ஒன்று தனியாகச் செய்து வைத்திருக்கிறேன். பின்காலில் முள்போன்ற ஒரு நெம்பு இருக்கும், அது கூராக வந்தால் அடையாளம் காண்பவருக்கு உதவும்.

ஒரு மார்கழியில் ஒட்டுசுட்டான் பக்கம் இப்படிக் குனிந்து நின்றபோது வரம்பில் வந்த ஐயா கேட்டார்: "என்ன தம்பி, என்னத்தையும் துலைச்சுப் போட்டியளோ?"

"இல்லை ஐயா, அறக்கொட்டியானைப் படமெடுக்கிறன்" என்று கமராத் திரையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு காலமும் உவனுக்கு மருந்தடிச்சனான், முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன். உது எந்த இடத்தில நிண்டது?"

அடித்தண்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நான் மேலாலயெல்லோ அடிச்சனான்" என்றார். அன்றைக்குப் பின்னேரமே அந்தப் படத்தை விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டப் போனார். அதற்குப் பிறகு வயலில் எடுக்கும் எந்தப் படத்துக்கும், பூச்சி தண்டில் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் குறித்து வைக்கிறேன்.

கறுத்த பின்னணி

பிளாஷ் வெளிச்சம் தூரத்தோடு வேகமாகக் குறையும். பூச்சிக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருக்கும் இலைக்கு அது எட்டாது, அதனால் பகலில் எடுத்த படமும் நடுச்சாமம்போல வரும். மிக எளிய மருந்து, பூச்சிக்குப் பின்னால் 5, 6 சென்ரிமீற்றரில் ஏதாவது இருக்கும்படி கோணத்தை மாற்றுவது. பச்சை இலையோ காய்ந்த சருகோ எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து ஓர் இலையைப் பிடுங்கிப் பின்னால் பிடியுங்கள். இன்னொரு வழி, ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றி, சட்டரை 1/60-க்கு இறக்கி, வானத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடுவது. பனிக்காலத்தில் விறைத்திருக்கும் தும்பிக்கு இது அழகாக வரும், ஓடும் எறும்புக்கு வராது.

பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து விறைக்கப் பண்ணி எடுப்பது, பசையால் ஒட்டி எடுப்பது எல்லாம் உண்டு. செய்யாதீர்கள். பார்க்கத் தெரிந்தவருக்குக் காலின் மடிப்பிலேயே அது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கணினியில் செய்ய அதிகம் இல்லை. தூசியை அகற்றுங்கள், நிறத்தைச் சரிபாருங்கள், கூராக்குவதை அளவோடு செய்யுங்கள். ஆழம் போதாத இடத்தில், கண்ணிலிருந்து முதுகு வரை நெஞ்சை நகர்த்தி எடுத்த ஐந்தாறு படங்களைச் சேர்த்து ஒன்றாக்கலாம். செரீன் ஸ்டாக்கர், ஹெலிகன் ஃபோகஸ் இரண்டும் அதற்கான மென்பொருள்கள். பெயர் தெரியாத பூச்சியை இடம், நாளோடு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் போட்டால் அடையாளம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஊரில் அதற்கு என்ன பேர் என்று அம்மம்மாவிடமும் கேட்டு, அந்தப் பேரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

மாரியில் லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், பனியில் நனைந்த கமராவைக் காயவிட்ட பிறகே மூடுங்கள். டிஃபியூசருக்கு அவ்வளவு கவனம் தேவையில்லை, ஆனால் நுரைத்தாள் நாளடைவில் மஞ்சளாகும், படத்தின் வெள்ளையும் அதோடு சேர்ந்து மஞ்சளாகும். குன்றிமணிப் பரீட்சையை மாதம் ஒருக்கால் திரும்பச் செய்து பாருங்கள். முதல் தரம் சரியாக வந்த கூட்டைப் பிரித்து, அதன் அச்சைச் சப்பாத்துப் பெட்டி மட்டையில் வெட்டி எடுத்து, மேலே அளவுகளை எழுதி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அடுத்த கூட்டை வெட்டப் பத்து நிமிடம் போதும்.